சனிக்கிழமை இறங்கும் காய்ச்சல்

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் காய்ச்சல் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்கும். திங்கட்கிழமை வந்த காய்ச்சலும் சனிக்கிழமை இறங்கும், வியாழக்கிழமை வந்ததும் சனிக்கிழமை இறங்கும். வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை, முதுகுவலி எல்லாவற்றுக்கும் அதே கிழமைதான். இந்த வைத்திய முறையைக் கண்டுபிடித்தவர் எந்த மருத்துவக் கல்லூரி வாசலையும் மிதித்தவர் இல்லை. எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்ட நான்தான் அது.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் நான் ஒரு பவர் டேபிள் கான்ட்ராக்டர். கேட்பதற்குப் பெரிய பதவி மாதிரி இருக்கும், அப்படி ஒன்றும் இல்லை. பல்லடம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனி. தையல் மெஷினும் துணியும் முதலாளியுடையது. தைக்கிற ஆட்களைப் பிடித்து வந்து, விரட்டியும் கெஞ்சியும் பீஸ் கணக்கில் வேலை வாங்கிக் கொடுப்பது என் பாடு. என் லைனில் முப்பத்தைந்து பேர். பாதிப் பேர் தெற்கத்திச் சீமையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், மீதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். அந்த முப்பத்தைந்தில் துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் யாரும் கிட்டே நெருங்க முடியாத கை ஒன்று இருந்தது. அது என் சம்சாரத்தின் கை. இடது கையால் துணியை நீவிவிட்டு, வலது ஆள்காட்டி விரலால் ஊசிக்கு அரை இஞ்ச் முன்னால் வரைக்கும் கொண்டுபோய் விடுவாள். மெஷின் நிற்கிற சத்தமே கேட்காது. நான் அந்த விரலைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பீஸ் கணக்கில் பிழைக்கிறவனுக்கு அழகு என்றால் அதுதான்.

அந்த வருஷங்களில் எங்கள் ஊர் முதலாளிகளுக்குக் கையில் காசு நின்றது. கல்யாண மண்டபம் கட்டினார்கள், சினிமா தியேட்டர் வாங்கினார்கள், அது சலித்தவர்கள் ஆஸ்பத்திரி கட்டினார்கள். பழைய நூல் குடோன் ஒன்றை இடித்துவிட்டு மூன்று மாடியில் ஓர் ஆஸ்பத்திரி எழும்பியது. அதற்கு நான்கு பார்ட்னர்கள். ஒருவர் டாக்டர், மூன்று பேர் பனியன்காரர்கள். மூவரில் ஒருவர் என் முதலாளி. நிர்வாகம் பார்க்க ஒரு மேனேஜரைப் போட்டார்கள். அவர் அதற்கு முந்தைய மாதம் வரைக்கும் பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். நெற்றியில் திருநீறு, பையில் மூன்று பேனா, வாயில் எந்நேரமும் மரியாதை. கோபம் வந்தால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

நிட்டிங் மெஷின் ஓட்டியவருக்குக் கட்டிலும் மெஷின் மாதிரிதான் தெரிந்தது. "எப்படிங்க போகுது?" என்று கேட்டால், "பதினேழு பெட்டு ஓடுதுங்க, மூணு பெட்டு சும்மா நிக்குதுங்க," என்பார். ஸ்கேன் மெஷின் வந்து இறங்கிய வாரத்தில் காலில் ஆணி குத்தி வந்த ஒரு சாயப்பட்டறை ஆளுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஆள் வெளியே வந்து, "எனக்கு வயித்துலயும் ஆணி இல்லைன்னு சொல்லிட்டாங்க," என்று சந்தோஷமாகச் சொன்னான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் சிரிக்கலாமா என்பது வேறு விஷயம். ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் வெளியூர் வியாபாரி வந்து இறங்கினால் புரோக்கர் ஒருவன் அவருடைய பையை வாங்கிக்கொண்டு கடைக்குக் கூட்டிப்போவான். கடைக்காரர் அவனைப் பிறகு தனியாகக் கவனித்துக்கொள்வார். இது எங்கள் ஊரில் ஒளிவுமறைவு இல்லாத தொழில். மேனேஜர் இதை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆட்டோக்காரர்கள், மருந்துக் கடைக்காரர்கள், என்னைப் போன்ற கான்ட்ராக்டர்கள் எல்லோருக்கும் கவனிப்பு உண்டு. என் லைனில் ஒருவனுக்குத் தலை சுற்றினால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன். முதலில் ஒரு பிளாஸ்க் வந்தது. அப்புறம் ஒரு சுவர்க் கடிகாரம். ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவி, ஒரே வாரத்தில் ஒன்பது பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு ஒரு பிரஷர் குக்கர். கம்பெனியில் தீபாவளி நோம்பிக்குக் கொடுத்தது என்று சம்சாரத்திடம் சொல்லி வைத்தேன். அவள் அந்தக் குக்கரை மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் அடுப்பில் ஏற்றினாள்.

ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் மேனேஜர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?" என்றேன்.

"நீங்க வேற கான்ட்ராக்டரே. புதங்கிழமை டிஸ்சார்ஜ் பண்ணுனா, சனிக்கிழமை குடுக்கறனுங்கன்னு கும்புட்டுட்டுப் போயர்றாங்க. அப்பறம் ஆளையே காணோமுங்க. தையக்காரங்கள எங்க போயி நான் தேடறதுங்க?"

திருப்பூரே சனிக்கிழமையை வைத்துத்தான் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். மளிகைக் கடை, கறிக்கடை, சினிமா, வீட்டு வாடகை, சீட்டு எல்லாம் அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அது அவர் மண்டையில் ஏறவில்லை. எனக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுக்குப் போயி இப்படி விசனப்படறீங்க. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் படுக்க வெச்சிருங்க. சம்பளத்த வாங்கிட்டு ஒறம்பரை சொந்தமெல்லாம் தானா வந்து கூட்டிட்டுப் போவாங்க. கோயமுத்தூர்ல இருந்து வர்ற பெரிய டாக்டருங்களையும் சனிக்கிழமையே வரச் சொல்லீருங்க. கையில காசு இருக்கற அன்னைக்குத்தான மனுசனுக்கு ஆபரேசன் பண்ணிக்க தைரியம் வரும்?"

கிண்டலுக்குத்தான் சொன்னேன். பேக்கரியில் நின்றவர்களும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போர்டு. சனிக்கிழமைதோறும் கோவை சிறப்பு மருத்துவர்கள் வருகை என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையருக்கு என் சாம்பிள் ஓகே ஆன மாதிரி இருந்தது.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஸ்டாண்டு கெட்டது. சம்பளக் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். என் லைனில் தெற்கத்திக்காரன் ஒருவனுக்குச் செவ்வாய்க்கிழமை வந்த காய்ச்சல் புதன்கிழமையே போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் வார்டில் உலாத்திக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்துக்கொண்டு, ஒரு கையில் டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தான். சனிக்கிழமை ஐந்து மணிக்கு டாக்டர் வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இறங்கியிருக்கு," என்றாராம். இதை நான் டாக்டர் மாதிரியே நடித்துக் காட்டி லைனில் சொல்லுவேன். என் சம்சாரம் மெஷினை நிறுத்தாமலே சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் குழந்தைச் சட்டை ஆர்டர் ஒன்று வந்தது.

வெளிநாட்டுப் பையர்கள் அப்போது ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்க வேண்டும். துண்டுகளை ஒன்றுசேர்த்து முழு ஊசியாக அடுக்கி, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, எந்த மெஷின், யார் டைலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால்கூட அந்த மெஷினைச் சுற்றியுள்ள துணி முழுவதையும் உதறிப் பார்க்க வேண்டும். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையின் முதுகில் ஊசி முனை குத்திவிடக் கூடாதே என்ற அக்கறை. அந்த நோட்டு என் பொறுப்பில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம் என் சம்சாரத்தின் மெஷினில் ஊசி உடைந்தது. உடைவதற்கு முன்னால் அவளுடைய வலது ஆள்காட்டி விரலுக்குள் இறங்கிவிட்டு உடைந்தது. ஓவர்லாக் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிது இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மெஷின் ஆயிலில் முக்கி, வேஸ்ட் பனியன் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். பிறகு எங்களோடு சேர்ந்து அவளும் தேடினாள். மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு துணியில் கிடைத்தது. முனையை மட்டும் காணோம். லைனை நிறுத்தினேன். பண்டல் பண்டலாக உதறினோம். காந்தத்தைக் கட்டித் தரையெல்லாம் இழுத்தோம். முப்பத்தைந்து பேர் ஒரு மணி நேரம் குனிந்து தேடினோம். அவள் விரலை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தைந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துணிக்குள் ஊசி இருக்கக் கூடாது என்றுதான் சட்டம், ஆளுக்குள் இருப்பதைப் பற்றி நோட்டில் கட்டம் எதுவும் கிடையாது.

ஷிப்மெண்டுக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் அறைக்குள் போய் ஒரு பழைய ஊசியை எடுத்துக் கொறடால் நறுக்கி, அதன் முனையைக் கொண்டுவந்து நோட்டில் ஒட்டினேன். என் சம்சாரம் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது வேற ஊசியாட்ட இருக்குதுங்க?"

"சும்மா இரு புள்ள. போயி மெஷின ஓட்டு," என்றேன்.

அவள் அந்த விரலோடு அன்றைக்கு ஏழு மணி வரைக்கும் ஓட்டினாள்.

மறுநாள் விரல் வெண்டைக்காயாக இருந்தது கத்தரிக்காயாக வீங்கிவிட்டது. சாயங்காலம் நம் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். ஆமாம், நம் ஆஸ்பத்திரி என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டியூட்டி டாக்டர், அப்போதுதான் படித்து முடித்த பையன், படத்தை விளக்கில் மாட்டினார். விரல் எலும்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கீறல், எள்ளை விடக் கொஞ்சம் நீளம். யாரும் சொல்லாமலே எனக்கு அது என்ன என்று தெரிந்தது. என் சம்சாரத்துக்கும் தெரிந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சின்ன வேலைதாங்க. மரத்துப்போற ஊசி போட்டுக் கீறி எடுத்து, சீழை வடிச்சு விட்டுடலாம்," என்றார் டாக்டர். மேனேஜர் அவருடைய தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "விரல் விஷயம் பாருங்க. ரிஸ்க் எடுக்க வேண்டாம். சனிக்கிழமை கை ஸ்பெஷலிஸ்ட் வர்றார். அவரே பண்ணட்டும். அதுவரைக்கும் டிரிப்ஸ்ல மருந்து போகட்டும்."

"நம்ம கான்ட்ராக்டர் ஊட்டம்மாவ சாதா வார்டுலயா போடறதுங்க? ஏசி ரூமு சொல்லிட்டனுங்க," என்றார் மேனேஜர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏசி ரூமில் டிவி இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து சேனல் மாற்றிப் பார்த்தேன். அவள் கேட்டாள்: "இத்தனூண்டு ஊசிய எடுக்க நாலு நாளுங்களா?"

"ஸ்பெஷலிஸ்டுன்னா சும்மாவா? எல்லாருக்கும் கிடைக்குமா இது?" என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். சனிக்கிழமை ஏன் சனிக்கிழமை ஆனது என்று உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும் என்றால் அதில் நான் ஒருவன். அந்தச் சூத்திரம் மற்றவர்களுக்குத்தான், எனக்கு இல்லை என்று நான் நினைத்ததை இப்போது எழுதும்போதே என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயரை ஒட்டி ஒரு டெஸ்ட். மதியம் வயிற்றில் ஸ்கேன்.

"வெரலுக்கு வயித்துல எதுக்குங்க ஸ்கேனு?" என்று என் சம்சாரம் ஸ்கேன் அறைக்காரரிடமே கேட்டுவிட்டாள். அவர், "எல்லாத்துக்கும் எடுக்கறதுதாங்க அக்கா," என்றார். வயிறு ரொம்ப நன்றாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வீக்கம் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது.

வியாழக்கிழமை மதியம் நான் பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது, ஒரு நர்ஸ் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், பத்து வருஷ அனுபவம் உள்ளவள், எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகள் நான்கைப் பார்த்தவள்.

"அண்ணாச்சி, நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீய. அக்காவ இன்னைக்கே கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. பெரியாஸ்பத்திரின்னாலும் சரிதான். வெரல் நுனி நெறம் மாறுது. சனிக்கிழம வரைக்கும் தாங்காது."

கோயம்புத்தூர் என்ன கண்காணாத தேசமா? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. நான் என்ன செய்தேன் என்றால், மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"யாருங்க சொன்னது? வெரலெல்லாம் நல்லா இருக்குதுங்க. நடுவுல கெளம்பிப் போனா முதலாளி என்ன நெனப்பாருங்க? நம்ம ஆஸ்பத்திரி மேல நம்ம ஆளுக்கே நம்பிக்கை இல்லைன்னு ஊரு பேசாதுங்களா? ரெண்டே நாளுங்க. உங்களுக்கு இல்லாததுங்களா?"

முதலாளி என்ற சொல் காதில் விழுந்ததுமே என் கால் நின்றுவிட்டது. முதலாளியின் ஆஸ்பத்திரியை விட்டு ஓடினால் முதலாளியின் லைன் என்னிடம் நிற்குமா என்று யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனதில் இருந்தது முப்பத்தைந்து மெஷின். ஒரு விரல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டு மாற்றும்போது நுனி கறுத்திருந்தது. வாடை வந்தது. என் சம்சாரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மாமா, போயரலாமுங்க," என்றாள். அவள் எதற்கும் கெஞ்சுகிறவள் இல்லை. கீழே ஓடினேன். டிஸ்சார்ஜ் எழுத டாக்டர் இல்லை என்றார்கள். டாக்டர் வந்தபோது கையெழுத்துப் போட மேனேஜர் இல்லை என்றார்கள். ஆள் கிளம்பிவிடக் கூடாது என்றால் வாசலைப் பூட்ட வேண்டியதில்லை, இப்படி ஒரு கையெழுத்துப் போதும். சாயங்காலம் முதலாளியே வார்டுக்குப் போன் போட்டார். "இன்னும் ஒரு நாளுதான கண்ணு. பெரிய டாக்டரு வர்றாரு. பொறு," என்றார். எல்லாவற்றையும் உதறிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டோவில் ஏறியிருக்கலாம். யாரும் காலைப் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள். நான் ஏறவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயம்புத்தூர் டாக்டர் காரில் வந்து இறங்கினார். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த நோயாளிகள் அவருக்காக வரிசையில் இருந்தார்கள். எங்கள் முறை ஆறு மணிக்கு வந்தது. அவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"எப்ப குத்துச்சு?"

"திங்கக்கிழமைங்க."

"அறிவு வேண்டாமா? மறுநாளே வந்திருந்தா கால் மணி நேர வேலை. விரல் முழுசா இருந்திருக்கும்."

"மறுநாளே வந்துட்டமுங்க. இங்கதானுங்க இருக்கறோம், அஞ்சு நாளா," என்றாள் என் சம்சாரம்.

டாக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் எங்கே பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஏழு மணிக்கு மேல் கணுவோடு விரல் நுனியை எடுத்தார்கள். கீழே வாசலில் சம்பளக் கவரோடு வந்தவர்கள், காய்ச்சல் இறங்கியவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தை வைத்து நான் அதுவரைக்கும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்றைக்கு ஆபரேசன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்தத் திருநெல்வேலி நர்ஸ் வெளியே வந்து, மடித்த பஞ்சுத் துணி ஒன்றை என் சம்சாரத்தின் இடது கையில் வைத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. அதற்குள்ளே ஊசி முனை இருந்தது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேனேஜர் கதவு வரைக்கும் வந்து கும்பிட்டார். மனிதர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடியிருப்பார் போல.

"ஏசி ரூமுக்கு நான் பாதிதானுங்க போட்டிருக்கறேன். உங்க ஊட்டுக்காரருக்கு இந்த ஆஸ்பத்திரி ரொம்பக் கடமைப்பட்டிருக்குதுங்க அம்மிணி. இந்த சனிக்கிழமை ஏற்பாடே அவுரு குடுத்த யோசனைதானுங்க. அதுக்கப்பறந்தான் இது நிமுந்துச்சுங்க."

என் சம்சாரம் அவருக்கு நல்லபடியாகத் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"குக்கரும் இவிங்க குடுத்ததுதானுங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன். அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வரவில்லை.

அவள் அழுவாள், திட்டுவாள், ஆட்டோவை அம்மா வீட்டுக்குத் திருப்பச் சொல்வாள் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். அவள் இடுப்பில் செருகியிருந்த பஞ்சுத் துணியை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இதைக் கொண்டுபோயி உங்க நோட்டுல ஒட்டுங்க."

ஒட்டினேன். வேறு என்ன செய்வது? அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, நான் கொறடால் நறுக்கி ஒட்டிய முனைக்குப் பக்கத்தில், கறுத்துப்போயிருந்த அந்த முனையையும் வைத்து டேப் போட்டேன். பழையதைப் பிய்த்து எறிய மனம் வரவில்லை. அது இருக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நான் யாரையும் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. என் லைனில் இருந்தவர்களுக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன், நடித்துக் காட்டாமல். இதனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த வருஷம் நான்காவது மாடி எழுப்பினார்கள். முதலாளி என் லைனைப் பிடுங்கவும் இல்லை. நான் அவ்வளவு பயந்திருக்க வேண்டியதே இல்லை. அவருக்கு நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பதெல்லாம் ஷிப்மெண்ட் போனதும் மறந்துபோயிற்று.

புண் ஆறி அவள் வேலைக்கு வந்தாள். ஓவர்லாக்கில் உட்கார்ந்து பார்த்தாள். துணி ஊசிக்கு நேராகப் போகவில்லை. விரல் இருக்கிற நினைப்பில் கை போகும், போன இடத்தில் விரல் இருக்காது. நான்கு நாள் முயற்சி பண்ணிவிட்டு அவளாகவே எழுந்து செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டாள். செக்கிங்கில் கூலி பாதி. அவளுடைய மெஷினில் உட்கார்ந்த புதுப் பெண் நன்றாகத்தான் தைத்தாள், ஆனாலும் அந்த மெஷின் நின்று நின்று ஓடும் சத்தம் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஒரு நாள் வீட்டில், "என்னை மன்னிச்சிரு புள்ள," என்று கேட்டேன். "சோறு ஆறுது, தின்னுங்க," என்றாள். குக்கரைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று நான் சொன்னதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல குக்கர், எதற்கு எறிய வேண்டும் என்றாள். அது விசில் அடிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஆறேழு மாதம் கழித்து அதே பையர் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். வடக்கத்திக்காரர், கையில் ஒரு பெரிய லிஸ்ட். விளக்கு எரிகிறதா, தண்ணீர் வைத்திருக்கிறோமா, தீயணைக்கும் வாளியில் மணல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஊசி நோட்டைக் கேட்டார். செக்கிங் டேபிளில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில் நின்றார். விரலை வைத்து எண்ணினார். முதலாளியின் மகன் பக்கத்தில் நின்று தமிழில் எடுத்துச் சொன்னான்.

"ஒரு ஊசிக்கு எப்படி ரெண்டு மொனைன்னு கேக்கறாருங்க."

நான் நோட்டின் மேல் குனிந்தேன். முதலாளியின் மகன் என்னைப் பார்த்தான். லைனில் நாலைந்து மெஷின்கள் நின்றன. டேபிளுக்கு அந்தப் பக்கம் குழந்தைச் சட்டை ஒன்றைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் சம்சாரம், சட்டையைக் கீழே வைக்காமல், அந்தக் குட்டை விரலை நீட்டி நோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அதுல ஒண்ணு பொய்யிங்க சார். இன்னொண்ணு என்னுதுங்க."

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. முதலாளியின் மகன் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.